செஷன் எஸ்டாப்ளிஷ்ட், ரூட் பூச்சியம்

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியில் இருந்து. இன்றைக்கு ஒரு சுவிட்சுக்கும் பிசிக்கும் இடையில் பிஜிபி, அதாவது நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழிகளை (ரூட்) சொல்லிக்கொள்ளும் முறை. பின்னால் கேட்கிற இரைச்சல் மழை இல்லை, புது சுவிட்ச். புது என்றால் எனக்குத்தான் புது. பாவித்த சிஸ்கோ 3750, வவுனியாவில் வாங்கினேன். விற்றவர் 25,000 ரூபாய் சொன்னார். "கரண்டில் கொழுவுங்கோ அண்ணை, ஷோ வெர்ஷன் பார்க்கவேணும்" என்றேன். உள்ளே இருக்கிற மென்பொருள் ஐபி பேஸ் இமேஜ் என்றால் இதில் பிஜிபி ஓடாது, ஐபி சேர்விசஸ் வேணும். நான் கன்சோல் கேபிளோடு போனதே அவருக்குப் பிடிக்கவில்லை. திரையில் ஐபி சேர்விசஸ் என்று வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூடியில் இருந்த கீறலையே காட்டிக்கொண்டு நின்றேன். 21,500! ஏ9 வீதி முழுக்க பஸ்ஸில் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஏஎஸ் என்றால் ஒரே நிர்வாகத்தில் இருக்கிற நெட்வொர்க், அதற்கு ஒரு எண் இருக்கும். சுவிட்ச் ஏஎஸ் 65010. நீங்கள் போன வீடியோவில் பார்த்த பழைய பிசியில் எஃப்ஆர்ஆர் என்ற இலவச ரூட்டிங் மென்பொருள் ஓடுகிறது, அது ஏஎஸ் 65020. இரண்டு பக்கமும் நெய்பர் கட்டளை போட்டவுடன் எஸ்டாப்ளிஷ்ட், அதாவது இரண்டும் பேசத் தொடங்கிவிட்டன. ஆனால் பிசிக்கு ரூட் ஒன்றும் வரவில்லை. பிசியின் பிஜிபி சமரியில் ரூட் எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் "பாலிசி" என்று நிற்கிறது.

அட, ஒன்று விட்டுவிட்டேன். சுவிட்சில் நெட்வொர்க் 10.20.0.0 போட்டால் மட்டும் காணாது, அதே மாஸ்க்கோடு அது ரூட்டிங் டேபிளிலும் இருக்கவேணும். நான் நல் 0-க்கு, அதாவது எங்கேயும் போகாத வெற்று இடைமுகத்துக்கு, ஒரு ஸ்டாட்டிக் ரூட் போட்டிருக்கிறேன். அதைப் போடாமல் "அண்ணா வேலை செய்யேல்லை" என்று கொமென்ட் போடாதீங்கோ.

பாலிசிக்கு வாறேன். வெளி ஏஎஸ்ஸோடு பேசும்போது பில்டர் எழுதாவிட்டால் ரூட் எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்கிறது 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தரநிலை ஆவணம். எஃப்ஆர்ஆர் அதைக் கேட்கிறது, என்னுடைய சிஸ்கோக் கிழவன் வருவதெல்லாம் விழுங்குவான். தேடிப் பார்த்தால் "நோ பிஜிபி ஈபிஜிபி-ரிக்வயர்ஸ்-பாலிசி" என்று அந்தக் கட்டாயத்தை நிறுத்துகிற ஒரு வரி போடு, சரி வரும் என்கிறார்கள். அந்த வரியைக் கண்டாலே எனக்குப் பத்தும். 2008 பெப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகொம் உள்நாட்டில் யூடியூபைத் தடுக்கப் போட்ட /24 ரூட் வெளியே கசிந்தது. அவர்களுக்கு இணைய இணைப்புக் கொடுத்த மேல் நிறுவனம் அதை வடிகட்டாமல் எடுத்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22, அது /24-ஐ விடப் பெரிய முகவரித் துண்டு. சின்னத் துண்டுதான் வெல்லும். உலகம் முழுக்க யூடியூப் படுத்துவிட்டது.

அதனால் பிசியில், உள்ளே வர 10.20.0.0/16 மட்டும் விடுகிற ஒரு பிரிஃபிக்ஸ் லிஸ்ட் (அனுமதிக்கும் முகவரிகளின் பட்டியல்), வெளியே போக இன்னொன்று. இரண்டையும் ரூட்-மேப் என்ற விதியில் கட்டி, நெய்பரில் இன், அவுட் என்று கொழுவினேன். பாலிசி போய், அந்த இடத்தில் 1 வந்தது. ஒரேயொரு ரூட்டுக்கு இவ்வளவு சந்தோசமா என்று கேட்பீர்கள். ஓம்!

அடுத்த கிழமை மேக்சிமம்-பிரிஃபிக்ஸ், அதாவது நெய்பரிடம் எடுக்கும் ரூட் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு. இந்த ஃபேன் சத்தத்துக்கு வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கோ. எண்ணெய் விடு என்று மட்டும் சொல்லாதீங்கோ, விட்டாச்சு.