தாத்தா ராலேக்கு ஸ்பேனர் தேடி அலைந்த கதை

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் சுவரில் சாய்ந்து நிற்பது, தாத்தா ரப்பர் பால் வெட்டப் போன ராலே சைக்கிள்.

போன மாதம் இதில் ஒரு நட்டைக் கழற்றப் போனேன். 11 ஸ்பேனர் நுழையவே இல்லை, 12 போட்டால் வழுக்குகிறது, நானும் விடாமல் முறுக்க, மூலையெல்லாம் மழுங்கி நட்டு கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. இதோ, பாருங்கள்.

பழைய பிரிட்டிஷ் சைக்கிள்களில் பல நட்டுகள் விட்வொர்த் அளவு. ஜோசப் விட்வொர்த் 1841-இல் கொண்டுவந்த முறை. இதில் ஸ்பேனரில் அடித்திருக்கும் எண் வாயின் அகலம் கிடையாது, அது போல்ட்டின் தடிமன், அங்குலக் கணக்கில். ‘1/4 W’ என்று இருந்தால் வாய் சுமார் 11.3 மில்லிமீட்டர். நம்ம செட்டில் எது பொருந்தும்?

சைக்கிள் கடையில் கேட்டேன், அந்தத் தம்பி என்னைப் பாவமாகப் பார்த்தார். அப்புறம்தான் புத்தி வந்தது. தோட்டத்து ரப்பர் ஆலையில் ஓடிய பழைய இயந்திரங்கள், துரைமார் ஓட்டிய பழைய லேண்ட் ரோவர், பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள், எல்லாமே இங்கிலாந்துச் சரக்குதானே, அதையெல்லாம் கழற்றி மாட்டியவர்களின் பெட்டியில் இந்த ஸ்பேனர் இல்லாமலா இருக்கும்? ஓய்வு பெற்ற ஃபோர்மன் ஐயா யாராவது இருந்தால் முதலில் அவரைப் பிடியுங்கள். எனக்குப் பழைய இரும்புக் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) 5 வெள்ளிக்குக் கிடைத்தது. பினாங்கு பக்கம் போனால் லோரோங் கூலிட் சந்தையிலும் காலையிலேயே ஒரு சுற்று சுற்றலாம். ‘5/16 BS’ (இதுவும் ஒரு பழைய பிரிட்டிஷ் அளவு) என்று அடித்திருந்தாலும் ‘1/4 W’-இன் அதே வாய்தான், விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, செயின் பக்கத்து பாட்டம் பிராக்கெட் கப், அதாவது பெடல் அச்சைத் தாங்கும் பேரிங் உட்காரும் கிண்ணம். இதற்குத் தனி டூல் தேடவே வேண்டாம். அச்சை எடுத்துவிட்டு, கப் ஓட்டையில் நுழையும் தடித்த போல்ட் ஒன்றை உள்ளிருந்து வெளியே விடுங்கள், போல்ட் தலைக்கும் கப்புக்கும் நடுவில் ஒரு வாஷர், வெளியே இன்னொரு வாஷர், அதற்கு மேல் நட்டு. உள்ளே தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை நன்றாக இறுக்குங்கள். பிறகு தலையை விட்டுவிட்டு, நட்டை அதே பக்கம், கடிகாரம் சுற்றுகிற பக்கம், திருப்பிக்கொண்டே இருங்கள். பிரிட்டிஷ் சைக்கிளில் இந்தக் கப்புக்கு இடதுமரை, அதனால் இறுக்கும் பக்கம்தான் கழற்றும் பக்கம். எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு பிடி ஏறும், வழுக்க வழியே இல்லை. எனக்கு இதில் தனி சந்தோஷம், ஒத்துக்கொள்கிறேன்.

வந்த கப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ராலேயில் அங்குலத்துக்கு 26 மரை, மற்ற பிரிட்டிஷ் சைக்கிள்களில் பெரும்பாலும் 24. கடையில் கிடைக்கும் புதுக் கப்பை உள்ளே திணித்தால் பிரேம் போச்சு.

சரி, அந்த அச்சை எடுப்பதற்கு முன்னால் கழற்ற வேண்டியது கிராங்க் காட்டர் பின், பெடல் கையை அச்சோடு பிடித்து வைக்கும் ஆப்பு. சுத்தியலால் அடித்தால் பின் வளையும், பேரிங்கும் குழி விழும். பெரிய ஜி கிளாம்ப் எடுத்து, பின்னின் தடித்த முனை வெளியே வருகிற பக்கம் ஒரு சாக்கெட் வைத்து அழுத்துங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், பயப்படாதீர்கள், கழன்றுவிட்டது. புதுப் பின் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்: 9.5 மில்லிமீட்டரும் உண்டு, 9-உம் உண்டு, கண்ணால் பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான்.