எந்த டெஸ்க்டாப்பில் உட்காருவது?

வணக்கம் நேயர்களே. லினக்ஸுக்கு மாற நினைக்கிறவர்கள் பலர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். திரையில் நாம் பார்த்து வேலை செய்யும் டெஸ்க்டாப்பிலேயே பல வகை: குனோமா, கேடிஇயா, எக்ஸ்எஃப்சிஇயா? லினக்ஸ் போல, யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழி வந்த அமைப்புகளில், வன்பொருளை இயக்கும் மையப் பகுதியான கெர்னல் வேறு, திரையில் தெரியும் மெனுவும் பட்டையும் வேறு. அதே வழியில் வந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி காலங்காலமாக வெறும் கட்டளைத் திரையோடுதான் வந்தது. டெஸ்க்டாப் வேண்டுமென்றால் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனை வகைகள் வந்ததற்குக் காரணம் சண்டைதான். 1996இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇயைத் தொடங்கினார். அதற்கு அடித்தளமான கியூட்டி என்ற நிரல் நூலகத்தின் உரிமம், யாரும் மாற்றிப் பகிரக்கூடிய முழுமையான கட்டற்ற உரிமமாக அப்போது இல்லை. அது பிடிக்காமல் 1997இல் மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மெனாவும் குனோமை ஆரம்பித்தார்கள். அப்புறம் 2011இல் குனோம் 3 வந்து பழைய மெனுவைத் தூக்கியது. கோபப்பட்டவர்கள் குனோம் 2இன் நிரல்களை எடுத்து, மாத்தே என்ற பெயரில் தொடர்ந்தார்கள். ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் யாரோ சிலருடைய பிடிவாதம். நமக்கு யாருடைய பிடிவாதம் ஒத்துவரும் என்றுதான் பார்க்க வேண்டும்.

படங்களைப் பார்த்தால் அது தெரியாது. கணினியில் நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்து நேரடியாக இயக்கி, அரை மணி நேரம் உங்கள் அன்றாட வேலையைச் செய்து பாருங்கள். குனோமில் சாளரத்தைச் சுருக்கும் பொத்தான் இயல்பாக இருக்காது. சிலருக்கு அது நிம்மதி, சிலருக்கு எரிச்சல். கேடிஇயில் எதையும் மாற்றலாம்; மாற்றிக்கொண்டே இருந்து ஒரு மாலைப்பொழுதே போய்விடும், நான் கண்ட உண்மை. பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ லேசானது, சரி. ஆனால் உலாவியில் இருபது தாவல்களைத் திறந்தால், அங்கே மிச்சம் பிடித்த நினைவகத்தை உலாவியே விழுங்கிவிடும். ஆங்கிலம் அல்லாத மொழியில் தட்டச்சு செய்கிறவர்கள் முதலில் அதைச் சோதியுங்கள். குனோமில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் என்ற மென்பொருள் உள்ளேயே இணைந்திருக்கிறது, மற்றவற்றில் கொஞ்சம் கைவேலை இருக்கலாம்.

ஒரே கணினியில் இரண்டு மூன்று டெஸ்க்டாப்களை நிறுவி, உள்நுழையும் திரையில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். நான் அப்படி ஒரே பயனர் கணக்கில் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். எழுத்துருவும் சின்னங்களும் ஒன்றோடொன்று கலந்து, மெனுவில் இரண்டு கோப்பு மேலாளர்கள் வந்து நின்றன. அமைப்புகள் எல்லாம் நம் இல்லக் கோப்புறையில்தானே சேமிக்கப்படுகின்றன! இப்போதெல்லாம் புதிய டெஸ்க்டாப்பைச் சோதிக்க ஒரு தனிப் பயனர் கணக்கைத் திறப்பேன். பிடிக்கவில்லையென்றால் கணக்கை நீக்கிவிட்டு, அதற்காக நிறுவிய மென்பொருள் பொதிகளையும் எடுத்துவிடுவேன். நன்றி, வணக்கம்.