தயக்கம் நமக்குத் துணையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"அன்றாட வாழ்வில் தயக்கம் தடையா, துணையா?" தடை என்று முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் தம்பி, நேர்காணலில் வாய் திறக்காதவனையும், பந்தியில் இன்னொரு வடை கேட்காதவனையும், பல்வலியோடு டாக்டரிடம் போகாமல் நாளைக் கடத்துகிறவனையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார். தம்பி, முதல் ஆளுக்குப் பயம், இரண்டாவது ஆளுக்குக் கூச்சம், மூன்றாவது ஆளுக்குச் சோம்பல். தமிழில் இத்தனை சொல் இருக்க, எல்லாப் பழியையும் தயக்கத்தின் தலையில் ஏன் போடுகிறீர்கள்?

செய்யலாமா, வேண்டாமா என்று மனசு அசைகிறதே, அதுதான் தயக்கம். பழைய செய்யுளில் அலையைத் 'தயங்கு திரை' என்பார்கள். அங்கே தயங்குதல் என்றால் அசைதல். அசைகிறவனை முடங்கியவன் என்று சொல்லலாமா?

நம் ஊரில் தயக்கத்தை யாரும் தயக்கம் என்று சொல்லிக்கொள்வதில்லை. நகைச்சீட்டில் சேர்க்க ஒருவர் வருகிறார். "இன்னைக்கே சேர்ந்தா வெள்ளிக்காசு இலவசம் சார்" என்கிறார். நம்மாள் தலையைச் சொறிந்துகொண்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்கிறார். வீட்டில் கேட்க ஆளே இல்லாத பிரம்மச்சாரியும் இதையேதான் சொல்கிறார்! அந்த ஒரு வாக்கியம் எத்தனை குடும்பத்தின் பணத்தைக் காத்திருக்கும்! சட்டமே தயக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆயுள் காப்பீடு எடுத்தால், பத்திரம் கைக்கு வந்த பிறகும் 30 நாள் வரை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம்.

இப்போது போனில் வருகிற மோசடியைப் பாருங்கள். "போலீஸ் பேசுறோம், உங்க பேர்ல வழக்கு இருக்கு. போனை வைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது." ஏன் வைக்கக் கூடாது? வைத்தால் நமக்கு யோசனை வந்துவிடும், பக்கத்து அறையில் இருக்கும் மகளிடம் கேட்டுவிடுவோம். அவனுடைய தொழிலுக்கு ஒரே எதிரி நம் தயக்கம்தான். அது தோற்ற பிறகுதான் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புலம்ப வேண்டியிருக்கிறது.

ஒரு பெரிய சாட்சியும் உண்டு. 1960-இல் அமெரிக்காவின் மருந்து அனுமதி அலுவலகத்தில் ஃபிரான்சஸ் கெல்சி என்ற மருத்துவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். தாலிடமைடு என்ற மருந்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தது. ஐரோப்பாவில் ஏற்கெனவே கர்ப்பிணிகள் வாந்திக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைதான். கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அவர் போடவில்லை. "ஆதாரம் போதவில்லை, இன்னும் கொண்டு வாருங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நிறுவனம் நெருக்கியது, மேலதிகாரிகளிடம் புகார் சொன்னது. அதற்குள் 1961 வந்தது, கை கால் வளராமல் பிறந்த குழந்தைகளின் செய்தியும் வந்தது. உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள். அமெரிக்கா பெருமளவு தப்பியது. 1962-இல் அதிபர் கென்னடி அவருக்கு விருது கொடுத்தார். எதற்கு? அவசரப்படாததற்கு!

அடிபட்டுக் கிடக்கிறவனைப் பார்த்துவிட்டு 108-ஐ அழைக்கத் தயங்கலாமா என்று எதிரணி கேட்கும். கூடாதுதான். ஆனால் நம் வாழ்க்கையில் முக்கால்வாசி முடிவுகள் ஆம்புலன்ஸ் முடிவுகள் அல்லவே.

பெண் பார்க்கப் போன வீட்டை நினைத்துப் பாருங்கள். "பொண்ணுக்குச் சம்மதமா?" என்கிறார்கள். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு பேசாமல் நிற்கிறாள். உடனே பெரியப்பா, "வெட்கப்படுறா! நீங்க தட்டை மாத்துங்க" என்கிறார். தயக்கத்துக்கு வெட்கம் என்று பெயர் வைத்துவிட்டால் பதிலே தேவையில்லை பாருங்கள்! 'என்னம்மா யோசனை?' என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தயக்கத்தைத் தடை என்று தள்ளும் எதிரணி எல்லாம் இந்தப் பெரியப்பாவின் கட்சி.

மணி அடித்துவிட்டீர்கள், சரி. நடுவர் அவர்களே, பெரியப்பா தட்டைத் தூக்குவதற்குள் துணையே என்று தீர்ப்புச் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.