சேட்டைக்காரப் பிள்ளைக்கு அடியா, மாத்திரையா?

[காட்சி: மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி டியூஷன், மாலை ஆறு மணி. பாயில் வரிசையாகப் பிள்ளைகள்.]

வணக்கம். இந்த வரிசையில் மூன்றாவது படிக்கிற ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். "பையைத் திற, கணக்கு நோட்டை எடு, நேற்று விட்ட இடத்திலிருந்து போடு" என்கிறார் மிஸ். பையைத் திறந்தான். உள்ளே ஒரு பம்பரம் கிடந்தது. அத்தோடு கணக்கு போச்சு. தலையில் ஒரு குட்டு, டைரியில் சிவப்பு மையில் புகார், ராத்திரி அப்பா வந்ததும் பெல்ட். மறுநாளும் இதே கதைதான்.

நம்ம கடலூர், பாண்டிச்சேரி பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் விழுவது அடி. அப்புறம் மந்திரித்த கயிறு. அதற்கும் அடங்கவில்லை என்றால் "ஹாஸ்டல்ல போட்டுடுவேன்". யாராவது டாக்டரிடம் காட்டலாமே என்றால் மட்டும், "சின்னப் பிள்ளைக்கு மூளை மாத்திரையா?" என்று வீடே பதறும். பதறட்டும், தப்பில்லை. பெல்ட்டை எடுக்கும்போதும் அதே பதற்றம் வந்தால் நன்றாக இருக்கும்.

[காட்சி: கரும்பலகை. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன: ஏடிஹெச்டி.]

ஏடிஹெச்டி என்றால் கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த ஒரு குறைபாடு. ஆனால் துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைக்கெல்லாம் ஏடிஹெச்டி கிடையாது. கவனம் நிற்காதது, ஓரிடத்தில் உட்கார முடியாதது, யோசிக்காமல் பாய்வது போன்ற அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கவழக்கத்தையோ கெடுக்கிற அளவுக்கும் இருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் சேட்டை, வீட்டில் சமர்த்து என்றால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையும், ராத்திரி தூக்கம் போதாத பிள்ளையும், எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளையும், அப்பா குடித்துவிட்டு வந்து சண்டை போடுகிற வீட்டுப் பிள்ளையும் வகுப்பில் பார்க்க ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

வயது இன்னொரு விஷயம். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ பள்ளிச் சேர்க்கைக்கான கெடுவாக வைத்திருக்கும் மாநிலங்களை ஆராய்ந்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே சின்னவர்களாக இருந்த பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஏடிஹெச்டி முத்திரை சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகக் குத்தப்பட்டிருந்தது. வயசுக்கோளாறு நோயாகிவிடுகிறது! ரெண்டரை வயதில் பிரீகேஜிக்கு ஓடுகிற நமக்கு இது உறைக்க வேண்டும்.

சரி, அடி ஏன் வேலை செய்யவில்லை? இந்தப் பிள்ளைகளுக்குத் தாமதமாக வருகிற பலனும் ஒட்டாது, தாமதமாக வருகிற தண்டனையும் ஒட்டாது. காலையில் செய்த தப்புக்கு ராத்திரி விழுகிற அடி அவனுக்கு என்ன சொல்லும்? அப்பா வந்தால் அடி விழும் என்பதை மட்டும்தான். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009, அதன் 17-ஆம் பிரிவிலேயே தடை செய்துவிட்டது. "நல்லா நாலு போடுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வருவது நாம்தான்.

பெற்றோருக்குக் கொடுக்கும் நடத்தைப் பயிற்சி கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். மூன்று கட்டளையை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒன்றாகச் சொல்வது. அதுவும் அடுப்படியிலிருந்து கத்தாமல், கிட்டே போய், முகத்தைப் பார்த்து. "நோட்டை எடு." எடுத்தானா, உடனே "சபாஷ்டா". பத்து நிமிஷம் கணக்கு, எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர், மறுபடி பத்து நிமிஷம். காலண்டரில் ஒரு ஸ்டார், ஐந்து ஸ்டார் சேர்ந்தால் சில்வர் பீச். சின்னச் சின்னச் சேட்டைகளைக் கண்டும் காணாமல் விடுவது. வீட்டில் பாட்டி ஒரு சட்டம், அம்மா ஒரு சட்டம் என்றிருந்தால் எதுவும் நடக்காது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மாத்திரைக்கு முன்னால் இந்தப் பயிற்சியைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே பரிந்துரைக்கிறது.

[காட்சி: பழைய மருந்துக் குப்பி, 1950-கள் பாணியில்.]

இனி மாத்திரை. அதிகம் பேசப்படுவது மிதைல்ஃபெனிடேட். 1950-களிலிருந்து விற்பனையில் இருக்கிறது. தூக்க மாத்திரை இல்லை. மூளையில் செய்தி கடத்துகிற டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களும் சற்று நேரம் தங்க வழி செய்கிறது. சாதாரண மாத்திரையின் வேலை நாலு மணி நேரத்தோடு தீர்ந்துவிடும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், உயரம் வளர்வது கொஞ்சம் மந்தப்படலாம். அதனால்தான் எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள். போதை மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் கேட்கவே முடியாது.

மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை எங்கே என்றால், ஏடிஹெச்டி சிகிச்சைகளை ஒப்பிட்டு அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து நடந்த எம்டிஏ என்ற ஆய்வில். 1999-இல் வந்த முடிவு: 14 மாதக் கடைசியில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகளை நன்றாகக் குறைத்திருந்தது. மூன்றாம் ஆண்டில் பார்த்தால் வெவ்வேறு சிகிச்சை பெற்ற குழுக்களுக்கிடையே வித்தியாசமே இல்லை. மருந்துக்கு ஆதரவானவர்கள் முதல் பாதியை மேற்கோள் காட்டுவார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாம் பாதியை. ஆய்வுச் சிகிச்சை 14 மாதத்தோடு முடிந்து, அப்புறம் பிள்ளைகள் ஆளுக்கொரு சிகிச்சை வழியில் போய்விட்டார்கள் என்பதை ரெண்டு பேரும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

என் கருத்தைக் கேட்டால், அமெரிக்காவில் கவலை, மாத்திரை அளவுக்கு மீறிப் போகிறதே என்பது. நம்ம ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் பரிசோதனை வரைக்கும்கூடப் போவதில்லை. அவர்கள் சண்டையை அப்படியே இறக்குமதி செய்து, "மாத்திரை விஷம்" என்று வாட்ஸப்பில் சுற்றவிடுவது இங்கே பிரம்புக்குத்தான் உதவும்.

[காட்சி: கோரிமேடு, ஜிப்மர் வாசல்.]

கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஜிப்மர் தூரமில்லை, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய ரேங்க் கார்டு, வகுப்பு மிஸ் கைப்பட எழுதிய ஒரு குறிப்பு, கணக்கு நோட்டு, ஹோம்வொர்க் நோட்டு எல்லாம் எடுத்துப் போங்கள். மருத்துவர் மாத்திரை எழுதினால், எந்த மாற்றத்தைப் பார்த்து இது வேலை செய்கிறது என்று முடிவு செய்வீர்கள், எப்போது நிறுத்திப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். உடனே போக முடியாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416-ஐக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.