பாம்பின் கால் பாம்பறியும்

சபைத் தலைவர் அவர்களே, வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, அறுவடை நேரத்திலும் வயலை விட்டு வந்திருக்கும் கமக்காரர் அமைப்பின் தலைவர் ஐயா அவர்களே, வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகளே, முன்வரிசையில் சீருடையோடு இருக்கும் உயர்தர மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். விடிய எழும்பிப் பந்தல் போட்ட இளைஞர்களையும், காசு வாங்காமல் ஒலிபெருக்கி தந்த தம்பியையும் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது.

வைரசு நமது கலத்தோடு என்ன செய்கிறது என்று அறிய, பற்றீரியாவின் புரதங்களை எப்படிக் கருவியாக்குகிறார்கள் என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விடயம் சொல்ல எண்ணியிருக்கிறேன்: வைரசு புகும் வழி, உள்ளே அது சேரும் கூட்டு, கலத்தில் எது இல்லாமல் அதற்கு முடியாது என்பது.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். கலத்தின் எந்தக் கதவு இலேசில் திறக்கும் என்பது நமக்கு இப்போதுதான் மெல்ல மெல்லத் தெரிகிறது. பற்றீரியாவுக்கு அது பழக்கப்பட்ட வீடு. பற்றீரியாவின் நஞ்சுகள் அந்தக் கதவுகளுக்கென்றே வார்த்த சாவிகள் போன்றவை.

கொலராவை எடுங்கள். 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற மருத்துவர், கொலராக் கிருமி வளர்ந்த நீரிலிருந்து கிருமிகளை வடித்து அகற்றினார். முயலின் குடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, அந்த நீரை உள்ளே செலுத்தினார். கிருமி இல்லை, ஆனாலும் குடல் நீர் கோத்து வீங்கியது. நோயைத் தருவது கிருமி விடும் நஞ்சு என்று அன்றைக்கு நிறுவினார். வசதி குறைந்த ஆய்வுகூடத்தில் செய்த வேலை அது. பிள்ளைகளே, இதை மறக்காதீர்கள், பிறகு திரும்பி வருவேன்.

அந்த நஞ்சில் ஐந்து துண்டு சேர்ந்த வளையம் ஒன்று உண்டு. கல மென்சவ்வில் உள்ள ஜிஎம்1 என்ற சர்க்கரைக் கொழுப்பை அது இறுகப் பிடிக்கும். நஞ்சுப் பகுதியைக் கழற்றி, வளையத்துக்கு ஒளிரும் சாயம் பூட்டினால், ஜிஎம்1 எங்கே இருக்கிறது, எங்கே நகர்கிறது என்று பார்க்கலாம். எஸ்வி40 என்ற குரங்கு வைரசும் அதே ஜிஎம்1ஐத்தான் பிடித்து ஏறுகிறது. கொலரா நஞ்சைப் போலவே அதுவும் கலத்தின் உள்ளே புரதம் செய்யும் இடமான அகமுதலுருச் சிறுவலை வரை போய்ச் சேர்கிறது. பாம்பின் கால் பாம்பறியும்!

இனி உள்ளே சேரும் கூட்டு. அதற்கு ஒரு வீட்டுக் கதை சொல்லவேண்டும்.

எங்கள் அம்மப்பாவுக்கு முள்ளியவளையில் பலாத் தோட்டம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கென்று அவர் குறித்து வைக்கும் பழம், பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னரே காணாமற் போய்விடும். காவல் இருந்தார், கள்ளன் வரவில்லை. நாயைக் கட்டினார், நாய் குரைக்கவில்லை. "நாய் குரைக்கேல்லையெண்டால் அது எங்கட ஆள்தான்" என்றா அம்மம்மா. அவர் கேட்கவில்லை. மூன்றாம் வருடம், வண்டில் அச்சுக்குப் போடும் கறுப்பு மசகை எடுத்து அந்த ஒரு மரத்தின் அடியெல்லாம் பூசிவிட்டார். பழமும் போய்விட்டது. மனுசன் பேசாமல் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு திரிந்தார். நாலு பேரில் மசகு. பால் கொண்டு வருபவரின் தோளில் ஒரு கோடு, மரத்தடியால் நடக்கிற ஆள். மாடு தேடி வந்த அயலவரின் கையில் கொஞ்சம். அம்மம்மாவின் சேலைத் தலைப்பில் கொஞ்சம். நாலாவது, நாய்க்குச் சோறு வைக்கிற எங்கள் கடைசி மாமா. அவருக்கு நெஞ்சிலிருந்து முழங்கால் வரை மசகு! மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறியவனுக்குத்தானே நெஞ்சில் படும்?

இதைத்தான் ஈ.கோலை என்ற குடல் பற்றீரியாவின் பிர்ஏ என்ற நொதியத்தைக் கொண்டு செய்கிறார்கள். பயோற்றின் என்ற விற்றமினை ஒரு குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டுவது அதன் இயல்பான வேலை. அதைச் சற்று மாற்றி, பக்கத்தில் வருவோர் எல்லாருக்கும் பூசும்படி விட்டார்கள். 2012இல் வந்த முறை. அந்த நொதியத்தை வைரசுப் புரதத்தோடு பொருத்திக் கலத்துக்குள் விட்டால், சுமார் பத்து நனோமீற்றருக்குள் வந்த புரதங்களில் மசகு பட்டுவிடும். பிறகு ஸ்ரெப்ரவிடின் என்ற இன்னொரு பற்றீரியாப் புரதம் மசகு பட்டவற்றைப் பிடித்து வெளியே இழுக்கிறது. பால்காரரும் அகப்படுவார், ஆகையால் யாருக்கு எவ்வளவு பட்டது என்று ஒப்பிட்டே முடிவு சொல்வார்கள். முதலில் முழு இரவு எடுத்தது, 2018இல் வந்த வடிவத்துக்குப் பத்து நிமிடம் போதும். கொவிட் வைரசின் புரதங்களையும் இப்படித் துருவினார்கள்.

மூன்றாவதாக, தொண்டை நோய் தரும் ஒரு பற்றீரியாவின் காஸ்9 என்ற கத்தரிக்கோல் புரதம் பற்றியும் ஒரு வார்த்தை. தன்னைத் தாக்கும் வைரசை வெட்ட அந்தப் பற்றீரியா வைத்திருந்த ஆயுதம் அது. 2016இல், மனிதக் கலங்களில் கலத்துக்கு ஒரு பரம்பரையலகாக வெட்டிவிட்டு, டெங்கு வைரசை விட்டார்கள். சாகாமல் தப்பிய கலங்களே, வைரசுக்கு எது இல்லாமல் முடியாது என்று காட்டிக்கொடுத்தன. புரதங்களுக்குச் சர்க்கரை பூட்டும் ஒரு தொகுதி அப்படி அகப்பட்டது.

டெங்கு நமக்குத் தூரத்துக் கதையல்ல. 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் பதிவானது. மழைக்காலத்தில் வன்னியில் எந்த வீட்டில் காய்ச்சல் இல்லை? இந்த வைரசை ஆராய நம் பிள்ளை ஒருத்தி போகவேண்டாமா?

போவதற்கு வழி உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. 2021இலிருந்து வவுனியாவுக்கும் தனிப் பல்கலைக்கழகம். வழியை மறித்து நிற்பது பாடசாலையின் பூட்டிய அலுமாரி. ஒரு பாடசாலைக்குப் போனேன், பெயர் வேண்டாம். நுணுக்குக்காட்டிகள் வந்த பெட்டியிலேயே பொலித்தீன் கழற்றாமல் இருந்தன. "உடைந்தால் யார் பதில் சொல்லுறது சேர்?" என்று ஆசிரியை கேட்டா. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆய்வுகூட உதவியாளர் இல்லை, பதிவேட்டில் ஒன்று குறைந்தால் சம்பளத்தில் கழிப்பார்கள் என்ற பயம். கலத்தைக் கண்ணால் காணாத பிள்ளை கலத்துக்குள் புகும் வைரசைப் பற்றி எதை மனத்தில் காண்பாள்? பாம்பின் கால் பாம்பறியும் என்றால், பாம்போடு பழகியிருக்க வேண்டும்.

டே செய்தது முயலும் நூலும் வடிகட்டியும் கொண்டுதான். பணிப்பாளர் ஐயா, தாழ்மையாகக் கேட்கிறேன்: உயர்தர உயிரியல் உள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் ஓர் உதவியாளர், சனிக்கிழமை காலையில் திறந்த ஆய்வுகூடம், கற்பிக்கும்போது உடைந்த பொருளுக்கு ஆசிரியரிடம் காசு அறவிடமாட்டோம் என்று எழுத்தில் ஓர் உறுதி. மனுவின் படிவம் தேநீர் மேசையில் இருக்கிறது. பெற்றோர் எல்லாரும் கையொப்பம் வைத்துவிட்டுப் போங்கள்.

அனுமதி வரும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. வருகிற சனி காலை எட்டு மணிக்கு, இதே மண்டபத்தில், என் நுணுக்குக்காட்டியோடு இருப்பேன். பிள்ளைகளே, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஒரு சின்னப் போத்தலில் கொண்டு வாருங்கள். வணக்கம்.