பாதியில் மூடலாம்

(கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'எடுத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டுமா, பாதியில் விடலாமா?' 'விடலாம்' அணியின் கடைசிப் பேச்சு இது.)

நடுவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தும் இந்த நேரம் வரை உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் சார் பேசும்போது ஒரு நாவலின் மூன்று பாகங்களையும் தூக்கிக் காட்டினார். நம் வாசகசாலைப் புத்தகம்தான். முதல் பாகத்துக்கு இரண்டு தடவை பைண்டிங் போட்டிருக்கிறது. தேதி குத்தும் தாள் நிறைந்துபோய் அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறது. மூன்றாம் பாகத்தில் இரண்டே இரண்டு தேதி, மீதி வெள்ளை. "நம்ம ஊர் வாசிப்போட லட்சணம் இதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்லாத்தான் பேசினார்.

அப்புறம் அந்த முதல் பாகத்தை வாங்கிப் பார்த்தேன். புத்தகத்தை மூடி வைத்து, தாள்களின் ஓரத்தைப் பாருங்கள் நடுவர் அவர்களே. முன்னால் ஒரு விரற்கடை அளவுக்கு ஓரம் கறுத்து, கைபட்ட அழுக்கு படிந்து கிடக்கிறது. அங்கிருந்து வெளுத்துக்கொண்டே போகிறது. கடைசிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் சரசரக்கிறது. சாருக்கு அந்த வெள்ளை கண்ணில் பட்டது. எனக்கு இந்த அழுக்கு பட்டது. இவ்வளவு பேர் உள்ளே வந்து பார்த்திருக்கிறார்கள். சிலருக்குச் சரிப்பட்டது, பலருக்குச் சரிப்படவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் வெட்கப்படுகிறோம். கேடு அங்கேதான் தொடங்குகிறது. நூலகர் அக்காவிடம் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். ஒருத்தர் ஆசையாக ஒரு தடித்த புத்தகம் எடுத்துப் போவார். நாற்பது பக்கத்தில் நின்றுவிடும். தவணை முடியும்போது வந்து, "இன்னும் முடியல்ல அக்கா, ஒருதரம் கூட புதுக்கித் தாங்க" என்பார். வேறு ஏதாவது எடுங்களேன் என்றால், "இத முடிச்சிட்டு அடுத்தத எடுக்கேன்" என்பார். அடுத்த தவணைக்கு ஆள் வரமாட்டார். அபராதம் ஏறும். அபராதம் ஏறினால் வாசகசாலை இருக்கிற வழியாகவே நடக்கமாட்டார். ஒரு புத்தகத்தை முடிக்க முடியாத மனிதர், கடைசியில் எல்லாப் புத்தகத்தையும் விட்டுவிட்டார். 'எடுத்தால் முடித்தே ஆக வேண்டும்' என்று நாம் ஊட்டிய விதி செய்த வேலை இது.

2017-ல் ஜிஎஸ்டி வருவதற்கு முன் கேரள எல்லையில் அமரவிளை செக்போஸ்டில் லாரிகள் நின்ற நில்லு உங்களுக்கு நினைவிருக்கும். முன்னால் ஒரு லாரிக்குப் பில் சரியில்லை என்றால் பின்னால் நிற்கிற வாழைக்குலை, மீன், தக்காளி எல்லாம் அதோடு சேர்ந்து கிடக்கும். முடியாத புத்தகமும் அப்படித்தான். ஓரமாக ஒதுக்கி நிறுத்துங்கள், மற்றது போகட்டும் என்கிறோம். லாரியைக் கொளுத்தச் சொல்லவில்லை.

எதிரணியில் பேசிய டீச்சர், கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரைச் சொன்னார்கள். சொல்ல வேண்டிய பெயர்தான். 1945-ல் அவர் அம்பலப்புழையில் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை, அதாவது நூலகச் சங்கத்தை, தொடங்கியபோது நம் விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூரில்தான் இருந்தன. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். டீச்சர் கேட்டது என்னவென்றால், ஊர் ஊராக நடந்து வாசகசாலை வைக்கச் சொன்ன மனிதருக்கு நாம் காட்டும் மரியாதை இதுதானா என்று. டீச்சர், அவர் இயக்கத்தின் முழக்கம் 'வாசித்து வளருக' என்பது. முடித்து வளருக என்று யாரும் சொன்னதாக எனக்குத் தெரியாது.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார்கள். கர்க்கடக மாசம், அதாவது ஆடியில், அந்தியில் விளக்கேற்றி வைத்து, அவர்கள் அம்மை மலையாளக் கவி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தை மாசம் முடியுமுன் வாசித்து முடிப்பாராம். கண்ணாடி போட்ட கிழவியால் முடியும்போது உங்களால் முடியாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அம்மைக்கு என்னவெல்லாம் துணை இருக்கிறது என்று பாருங்கள். இன்றைக்கு இவ்வளவு என்று பகுத்து வைத்திருக்கிறது. கதை முன்பே தெரியும். ராகம் இருக்கிறது, நாக்கு தானே ஓடும். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒருநாள் விட்டால் குற்றம் என்ற பயமும் உண்டு. அது பாராயணம், அதற்குத் தலைவணங்குகிறேன். நாம் பேசிக்கொண்டிருப்பது, வேலை முடிந்து வந்து, தெரியாத ஒரு ஆளின் தெரியாத கதையைத் தனியாகத் திறந்து உட்காரும் மனிதரைப் பற்றி. அவருக்கு விளக்கும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. பக்கத்து அறையில் சீரியல் ஓடுகிறது.

சோம்பேறித்தனம்தான் காரணம் என்று சார் அடித்துச் சொன்னார். 2014-ல் ஜோர்டன் எலன்பெர்க் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பாதி விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டார். கிண்டில் என்ற மின்நூல் கருவியில் வாசிப்பவர்கள் ஒரு புத்தகத்தில் அதிகமாக அடிக்கோடிட்ட ஐந்து இடங்களை எடுத்து, அவை வரும் பக்கங்களின் சராசரி மொத்தப் பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்தார். எல்லாரும் கடைசி வரை போயிருந்தால் கோடுகள் புத்தகம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். ஸ்டீபன் ஹாக்கிங் 1988-ல் எழுதிய, கோடிப் பிரதிக்கு மேல் விற்ற 'காலத்தின் சுருக்கமான வரலாறு' புத்தகத்துக்குக் கிடைத்தது 6.6 சதவீதம். கணக்குக்கே ஹாக்கிங் பெயரைத்தான் வைத்தார். பிக்கெட்டியின் மூலதனம் பற்றிய பொருளாதாரப் புத்தகத்துக்கு 2.4. இந்த இரண்டையும் சொல்லிக்காட்டி எதிரணியில் சிரித்தார்கள்.

அதே கணக்கில் டோனா டார்ட்டின் 'தி கோல்ட்ஃபின்ச்' நாவலுக்கு 98.5 சதவீதம் கிடைத்ததைச் சார் ஏன் விட்டுவிட்டார்? அதுவும் எழுநூறு பக்கத்துக்கு மேல், பிக்கெட்டிக்குத் தடிமனில் குறைந்ததில்லை. அதே கருவி, அதே மாதிரி ஆட்கள். ஒன்றைக் கடைசி வரை கொண்டுபோகிறார்கள், இன்னொன்றை வாசலிலேயே விடுகிறார்கள். சோம்பல்தான் காரணம் என்றால் இரண்டையும் அல்லவா விட்டிருக்க வேண்டும்? பிக்கெட்டி வேறு தன் வாதத்தின் சாரத்தை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அதை மட்டும் ஒழுங்காகப் படித்தவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன்.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ 1980-ல் 'ரோஜாவின் பெயர்' நாவலை வெளியிட்டார். ஒரு மடத்துக்குள் ஏழு நாள் நடக்கும் கதை. முதல் நூறு பக்கம் கடுமையாக இருக்கிறது, சுருக்குங்கள் என்று நண்பர்களும் பதிப்பகத்தாரும் சொல்லியும் அவர் மறுத்தார். மடத்துக்குள் வர விரும்புகிறவன் மடத்தின் வேகத்தில் மூச்சுவிடப் பழகட்டும் என்பது அவர் கட்சி. பிடிக்காதவர்கள் மலையடிவாரத்திலேயே நின்றுகொள்ளலாம் என்றும் எழுதினார். கொஞ்சம் திமிர்தான். ஆனால் எழுதினவரே அடிவாரத்தில் நிற்க நமக்கு அனுமதி கொடுத்துவிட்டார். எதிரணி என்ன வழக்குப் போடுகிறது?

சரி, வெளிநாட்டை விடுவோம். நம் இரணியலுக்கு வருவோம். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968-ல் வந்தது. இரணியல் செட்டிமார் வீட்டுப் பேச்சு அப்படியே அச்சில் இருக்கிறது. நம் ஊரில் அதைக் கையில் எடுத்தால், ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி காதில் விழும். வடக்கே படித்து வளர்ந்த என் மருமகள், நல்ல வாசகி, பத்துப் பக்கத்தில் மூடிவிட்டு, "மாமா, இது தமிழா மலையாளமா?" என்று கேட்டாள். புத்தகம் மோசமா? இல்லை. அவள் சோம்பேறியா? என்னைவிட அதிகம் படிக்கிறவள். போன ஓணம் லீவுக்கு இங்கே வந்து, ஆளுகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்துவிட்டு, ஊருக்குப் போகும்போது அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். முதல் தடவை பிடித்து உட்காரவைத்து முடிக்கச் சொல்லியிருந்தால், அந்த நாவலின் பெயரைக் கேட்டாலே இப்போது ஓடியிருப்பாள். இதே தடுமாற்றம் நம் பக்கமும் உண்டு. 1956-க்கு முன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த நம் தாத்தாமார் எத்தனை பேர், தமிழ்ப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, கண் வலித்து, நாலாம் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்! அவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோமா?

அப்போ எப்போது விடலாம், அட்டையைப் பார்த்ததுமேவா என்று சார் கிண்டலாகக் கேட்டார். சியாட்டில் நூலகராக இருந்த நான்சி பேர்ல் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது பக்கம் வாசித்துப் பார், பிடிக்காவிட்டால் விடு. ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டால் நூறிலிருந்து வயதைக் கழி, அத்தனை பக்கம் போதும். முன்வரிசையில் இருக்கும் நம் தலைவர் அண்ணாச்சிக்கு எழுபத்திரண்டு என்றால் இருபத்தெட்டு பக்கம். நூறு வயதானால் சார் சொன்ன மாதிரி அட்டையைப் பார்த்தே தீர்மானித்துக்கொள்ளலாம். இருக்கிற காலம் குறையக் குறைய, பிடிக்காத புத்தகத்துக்குக் கொடுக்கிற காலமும் குறையட்டும் என்கிற கணக்கு. எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

எதிரணித் தம்பி அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸைக் கொண்டுவந்தார். 1939-ல் வந்த அவரது 'ஃபின்னகன்ஸ் வேக்' நாவலைக் கலிஃபோர்னியாவில் ஒரு குழு 1995-ல் தொடங்கி, கூடிக் கூடி வாசித்து, 2023-ல் முடித்தது. 28 வருஷம். கேட்கவே புல்லரிக்கிறது, உண்மை. ஆனால் தம்பி மிச்சத்தைச் சொல்லவில்லை. அந்த நாவலின் கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதன் மறுபாதி நாவலின் முதல் வரி. அந்தக் குழுவும் முடித்த கையோடு திரும்ப முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. முடிப்பதற்குச் சாட்சியாகத் தம்பி கொண்டுவந்தது, முடிவே இல்லாத புத்தகத்தை!

விமர்சனம் எழுதுகிறவர், பாடம் நடத்துகிறவர், பரிசுக் குழுவில் உட்காருகிறவர் முடித்தே ஆக வேண்டும். அவர்கள் மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர்கள். படிக்காததைப் படித்தேன் என்று சொல்கிறவரையும் நாங்கள் காப்பாற்ற வரவில்லை. அவரை எதிரணி தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

நடுவர் அவர்களே, நீங்கள் மணியைத் தொட்டுவிட்டீர்கள், பார்த்தேன். ஒரே ஒரு விண்ணப்பம் மட்டும் வைக்கிறேன். புத்தகம் திரும்பி வரும்போது நம் வாசகசாலையில் "முடிச்சாச்சா?" என்று கேட்கிறோம். அதற்குப் பதிலாக "எந்தப் பக்கம் வரை வந்தீங்க, எதனால நின்னீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதி வைக்கலாம். எழுத்து பொடி, மொழிபெயர்ப்பு முரடு, ஆட்களின் பெயர் குழம்புகிறது, இப்படி ஏதாவது ஒன்று கிடைக்கும். அடுத்த தடவை புத்தகம் வாங்கக் கமிட்டி கூடும்போது அந்த நோட்டுக்கு வேலை இருக்கும். அப்புறம், அபராதத்துக்குப் பயந்து ஒளிந்திருக்கிறவர்களுக்கு இந்த ஆண்டு விழாவை ஒட்டி அதைத் தள்ளுபடி செய்து, அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும் என்று செயலாளர் அண்ணாச்சியைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பின்வாங்காதபடிக்குத் தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லிவிடுங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.