'கடுப்பு' என்று சொன்ன பையன்

(ஓசூர் வட்டாரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறோம்.)

மேடையில் இருக்கும் பெரியவர்கள் பெயரையெல்லாம் ஏற்கெனவே மூன்று பேர் வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். நானும் ஆரம்பித்தால் முன்வரிசையில் மேக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குட்டிகள் தூங்கிவிடுவார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'வேற்றுமையில் ஒற்றுமை'. வழக்கமாக இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வானவில்லில் ஆரம்பித்து பூமாலையில் முடிப்பார்கள். நான் ஒரு வயிற்று வலியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் தென்மாவட்டத்துக்காரன். முதல் வேலை தளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் தெலுங்கு, மளிகைக்கடையில் கன்னடம், சைக்கிள் கடையில் உருது. இவர்களுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்துக் கரையேற்றத்தான் அரசாங்கம் என்னை அனுப்பியிருக்கிறது என்று ஒரு நினைப்பு எனக்கு. வயது அப்படி.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட். கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, "கடுப்பு சார்" என்றான். ஏழு வயதுப் பொடியன் வாத்தியாரிடம் வந்து கடுப்பு என்கிறானே! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னடா கடுப்பு? தமிழ்ல ஒழுங்கா பேசு. போய் உட்காரு" என்றேன். அவன் நகரவில்லை. "கடுப்பு நொப்பி" என்று மறுபடியும் சொன்னான். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளையும் அதட்டி உட்கார வைத்தேன். அப்புறம் என்ன, பாவம், அந்தப் பையன் நின்ற இடத்தில் டவுசரிலேயே போய்விட்டான்.

சத்துணவு ஆயாதான் ஓடி வந்தார். அவனைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டு, தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார். திரும்பி என்னைப் பார்த்து, "கடுப்புன்னா தெலுங்குல வயிறு சார். பிள்ளைக்கு வயித்து வலி" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. நம் ஊரில் வயிற்றுக்கடுப்பு என்று சொல்வதில்லையா? தமிழ் மட்டுமே தெரிந்தவன்கூட ஒரு நிமிஷம் காது கொடுத்திருந்தால் பிடித்திருக்கலாம். எனக்குத் தெலுங்கு தெரியாதது குற்றமில்லை. அந்தப் பெண்ணை வாய் திறக்க விடாதது இருக்கிறதே, அது குற்றம்.

நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் இல்லை. திரும்பி வந்தவன் அந்த வருஷம் முடியும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எது வேண்டுமானாலும் விரலைத்தான் தூக்கினான்.

இங்கே பெற்றோர் சிலர் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கும் இப்படி ஒரு வாத்தியார் கிடைத்திருப்பார் போல.

ஓசூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய. ஹொச ஊரு ஓசூர். நம் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு புதூர் இருக்குமே, அதே புதூர்தான் இது. ஒகேனக்கல்லும் அப்படித்தான். 'ஹொகே' என்றால் புகை, கல் நம் கல்லேதான். நம் பால் அங்கே ஹாலு, நம் புலி அங்கே ஹுலி. ஒரே வீட்டுப் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன கதை. பெட்டமுகிலாளம் மலைக்குப் போகிறீர்களே, அந்தப் 'பெட்ட'வே கன்னடத்தில் மலைதான். ஊர்ப் பெயரில் இத்தனை மொழியை வைத்துக்கொண்டு, வகுப்பறையில் வேறு மொழி கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2006-இல் வந்த சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் தமிழை நன்றாகவே படிக்கட்டும், இந்த ஊரில் பிழைக்க அது வேண்டும். ஆனால் வாயை அடைத்து மொழி சொல்லிக்கொடுக்க முடியாது. வயிறு வலிக்கிறது என்று எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் முதலில் சொல்லட்டும். 'வயித்து வலி' என்ற வார்த்தையை மாத்திரை கொடுத்த பிறகு கற்றுக்கொடுக்கலாம்.

மொழி பரவாயில்லை, மேடையில் பேசலாம். சாதிக்கு வந்தால் உடனே தொண்டையைச் செருமிக்கொள்வோம். 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு. தட்டு ஒன்று, சோறு ஒன்று. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதை மட்டும் எந்த அரசாணையும் வந்து பார்ப்பதில்லை. நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு வேண்டாம், வருகைப் பதிவேட்டில் சாதி வேண்டாம் என்று அதில் இருக்கிறது.

கயிற்றை அவிழ்த்துவிடலாம். ஸ்காலர்ஷிப் படிவம் வரும் நாளை நினைத்துப் பாருங்கள். "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரு, எண்ணணும்" என்று சொல்லாத பள்ளிக்கூடம் எத்தனை? நானே சொல்லியிருக்கிறேன். வேலை சுலபமாக முடியும், அவ்வளவுதான் அப்போது தோன்றியது. எழுந்து நின்ற பிள்ளைகளில் ஒருத்தி சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். கணக்கெடுத்து முடிக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் அரை நாள் போயிருக்கும். போனால் என்ன?

2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை நாமெல்லாம் தருமபுரிக்காரர்கள்தான். அதனால் அதியமானைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க எனக்கு உரிமை இல்லை. நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்ததை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அதைச் சாப்பிட்டால் என்ன கிடைக்கும் என்பதை மனசுக்குள் வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொடுத்தானாம். இப்போது நாம் நான்கு நோட்டும் ஒரு ஜாமெட்ரி பாக்ஸும் கொடுக்க, ஏழைப் பிள்ளையை மேடைக்கு இழுத்து, பேனருக்கு முன்னால் நிறுத்தி, 'இந்தப் பக்கம் பார்' என்று மூன்று போட்டோ எடுக்கிறோம். கொடுக்க வந்தவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நோட்டை எச்.எம். அறையில் வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளைக்குத் தேவை நோட்டுதான்.

இன்று சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டேன். மூன்றாம் வகுப்பு வாசலில் ஒரு காட்சி. பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், ஜூலையில்தான் சேர்ந்தானாம். எல்லாரும் அவனை 'ஹிந்திக்காரன்' என்கிறார்கள். அவன் பேசுவது ஒடியா. நம்மை யாராவது வடக்கே போகும்போது 'மதராசி' என்றால் எப்படிச் சிலிர்த்துக்கொள்வோம்! அவன் பக்கத்தில் ஒரு சிறுமி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் குடம், தட்டு, கழிப்பறைக் கதவு, அழுகிற முகம் என்று வரைந்து வைத்திருக்கிறாள். குடத்துக்கு நேரே தமிழ் எழுத்தில் மூன்று சொல்: தண்ணி, நீள்ளு, பாணி. இரண்டாவது அவள் வீட்டுச் சொல், மூன்றாவது அவனுடையது. எந்த டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லையாம். "எனக்கும் ஒண்ணாவதுல தமிழ் தெரியாது தாத்தா, அதான்" என்றாள்.

சரி, டான்ஸுக்கு நேரமாகிவிட்டது, பிள்ளைகள் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு வேலை பாக்கி. நிகழ்ச்சி நிரலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெயர் போட்டிருக்கிறது. ஆறாவது நிகழ்ச்சியில் மட்டும் 'வட மாநில மாணவர் நடனம்' என்று இருக்கிறது. அந்த ஒடிசாப் பையனின் பெயரை அவன் அம்மாவிடம் கேட்டு, இரண்டு முறை சொல்லச் சொல்லி, உச்சரிப்பு தப்பாமல் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தொகுத்து வழங்கும் டீச்சர் அம்மா, இந்தாருங்கள் சீட்டு. கூப்பிடும்போது இதைப் பார்த்துப் படித்துவிடுங்கள்.